ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது பேர்

எனக்குக் கோபம் கெதியாக வரும். இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பேஸ்பால் விளையாடப் போனதே ஒரு கோபத்தில்தான். பாரிசில் லாச்சப்பல் மரக்கறிக் கடை ஒன்றில் கல்லாவில் நின்றுகொண்டு, புறநகரான கார்ஜ் லே கொனெஸில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்திக்கு அமெரிக்கக்காரரின் விளையாட்டில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கு அந்தந்த நேரத்துப் புத்திக்குத் தக்கபடி ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். உண்மையில் நடந்தது இதுதான்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு எல்லே தெரியும். ஒரு பொல்லு, ஒரு ரெனிஸ் பந்து, நாலு மூலை. பந்தை அடித்துவிட்டு மூலைகளைச் சுற்றி ஓடி வரவேண்டும். ஓடுகிறவரின் முதுகிலோ காலிலோ எதிரணி பந்தால் எறிந்து பட்டுவிட்டால் அவர் அவுட். ஆண்களும் ஆடுவார்கள், பெண்களும் ஆடுவார்கள். நான் என் பள்ளிக்கூட அணியில் ஆடியவள். நல்லாய் ஆடியவள் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

2009 மே மாதத்தில் ஊரில் எல்லாம் நடந்து முடிந்த பிறகு லாச்சப்பலில் யாரும் உரத்துச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதுவரை வீதிகளில் நின்று கத்திய குரல்கள் அடங்கிப்போயின. நானும் இழந்தவள்தான், அதை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டுக்குள் இருந்து தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தால் விசர் பிடிக்கும் என்றுதான் என் கணவரும் அவரோடு ரெஸ்ரோறண்டுகளில் வேலை செய்கிறவர்கள் சிலரும் திங்கட்கிழமைகளில் பூங்காவுக்குப் போய் எல்லே ஆடத் தொடங்கினார்கள். திங்கள் அவர்களுக்கு விடுமுறை நாள்.

அங்கேதான் அந்தத் தமிழ்நாட்டுத் தம்பி வந்து சேர்ந்தார். ஏதோ ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்கிறவர், அதற்கு முன் இரண்டு வருடம் அமெரிக்காவில் படித்தவர். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"அண்ணா, இது என்ன கேம்? பேஸ்பால் மாதிரியே இருக்கே" என்று கேட்டாராம்.

"பேஸ்பாலோ? இது எல்லே தம்பி" என்றாராம் என் கணவர்.

"ரெண்டும் ஒண்ணுதாண்ணா. கொஞ்சம் ரூல்ஸ்தான் வேற."

கொஞ்சம் ரூல்ஸ்தான் வேற என்ற அந்தச் சொல்லை நம்பி ஒரு அணியே உருவானது. ஸ்தேன் என்ற புறநகர்ப் பக்கத்தில் ஒரு மைதானம் சும்மா கிடப்பதைத் தம்பிதான் கண்டுபிடித்தார். முன்பு அங்கே ஒரு பேஸ்பால் அணி இருந்து கலைந்துபோயிருந்தது. வலை இருந்தது, மூலைகளுக்கான அடையாளங்கள் இருந்தன, புல்லும் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. நகரசபைக்காரர், எங்கள் வாயில் மேரிக்காரர், ஒரு வருடத்துக்குத் தருகிறோம் என்றார்கள். பிராந்திய லீக்கின் கடைசிப் பிரிவில் சேர்ந்து ஒரு பருவத்தை முழுதாக ஆடி முடித்தால் மைதானம் தொடர்ந்து எங்களுக்கு. இல்லையென்றால் கால்பந்துக்குப் போய்விடும். லீக்கின் விதியும் எளிதானதுதான். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் களத்தில் ஒன்பது பேர் நிற்க வேண்டும். எட்டுப் பேர் என்றால் ஆட்டம் போச்சு. இரண்டு தரம் அப்படி நடந்தால் அணியே வெளியே.

கடைக்கு வருகிறவர்கள் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். ஒரு பெரியவர் முருங்கைக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டே சொன்னார்: "சனம் முகாமிலை கிடக்குது. உங்கட மனுசனுக்குப் பந்தடி கேக்குதோ பிள்ளை?"

"அண்ணை, அவர் வீட்டிலை குந்தியிருந்தால் முகாம் திறக்குமெண்டு சொல்லுங்கோ. நான் கதவைப் பூட்டித் திறப்பை உங்களிட்டைத் தாறன்" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் வேறு கடைக்குப் போனார். முதலாளி என்னைப் பேசினார். பேசட்டும்.

முதல் ஆட்டம் ஒரு சித்திரை ஞாயிற்றுக்கிழமை. நான் பிள்ளைகளோடு கரையில் நின்றேன். எங்கள் பக்கம் தம்பியோடு சேர்த்துச் சரியாக ஒன்பது பேர், மேலதிகமாக ஒருவரும் இல்லை. மற்ற அணி வெள்ளைக்காரப் பெடியள், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை. எங்களவர்கள் ஆளுக்கொரு நிறத்தில் காற்சட்டை போட்டிருந்தார்கள். அது பரவாயில்லை, ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. என் கணவர் அடித்த பந்து தூரத்து வேலிக்கு மேலால் போனபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாவது சுற்றில் அவர்களில் ஒருவன் அடித்துவிட்டு ஓடினான். பந்து எங்கள் மீன்கடை அண்ணையிடம் போனது. அண்ணை லாச்சப்பலில் மீன்கடை வைத்திருப்பவர், பெரிய அறக்குளா மீனை ஒற்றைக் கையால் தூக்குகிற தோள். ஊரில் எல்லேயில் பெயர் எடுத்தவர். பந்தை எடுத்தார், குறி பார்த்தார், ஓடுகிறவனின் முதுகின் நடுவில் எறிந்தார்.

பேஸ்பால் பந்து ரெனிஸ் பந்து இல்லை. கல்லுப் போல இருக்கும். அந்தப் பெடியன் குப்புற விழுந்தான். தம்பியைத் தவிர எங்கள் எட்டுப் பேரும் கையைத் தூக்கி "அவுட்" என்று கத்தினார்கள். கரையில் நின்று நானும் கத்தினேன். அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கைதட்டலுக்காக எங்கள் பக்கம் திரும்பினார். மைதானத்தின் மற்றப் பாதி வாயைப் பிளந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

தம்பிதான் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணா, ஆளை அடிக்கக்கூடாதுண்ணா. பந்தைக் கையில வச்சுக்கிட்டுப் போய் ஆளைத் தொடணும், இல்லாட்டி மூலைக்கு எறியணும்."

"அப்ப இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"மனுஷன் மேல எறிவீங்கன்னு எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

நடுவர் தம்பியின் விளக்கத்தைக் கேட்கவே தயாராக இல்லை. வேண்டுமென்று அடித்ததாகத்தான் அவர் நினைத்தார், பார்த்தவர் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அண்ணையை வெளியே அனுப்பினார். மிஞ்சியது எட்டுப் பேர். ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. விழுந்த பெடியனுக்கு நல்ல காலத்துக்குக் கண்டல் காயம் மட்டும்தான். அண்ணை அவனுக்கு முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அவனுக்கு அது மன்னிப்பு என்று விளங்கியதோ என்னவோ, பயந்துபோய்த் தலையாட்டினான். அண்ணைக்கு நாலு ஆட்டத் தடை வந்தது. இனி ஒரே ஒரு தரம் எட்டுப் பேராக நின்றாலும் அணி முடிந்தது.

அந்தக் கிழமை எங்கள் வீட்டுக் குசினியில் கூட்டம் நடந்தது. விட்டுவிடுவோம் என்றார் ஒருவர். எங்களுக்கேன் இந்த வேலை, வேலைக்குப் போனோமா வந்தோமா என்று இருப்போம் என்றார் இன்னொருவர். என் கணவர் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தக் கரண்டிச் சத்தம் தாங்க முடியவில்லை.

"ஒன்பதாவது ஆளாய் நான் வாறன்" என்றேன்.

"நீயோ?" என்று கேட்டார் கணவர்.

"ஏன், எனக்குக் கால் இல்லையோ?"

"சனம் கதைக்குமப்பா."

"சனம் கதைக்காத நாள் எது? நான் சும்மா நிண்டாலும்தான் கதைக்குது."

எங்கள் பிரிவில் ஆண்களோடு பெண்களும் ஆடலாம் என்று தம்பி விசாரித்துச் சொன்னார். அன்று நான் கோபத்தில்தான் சொன்னேன், ஆனால் அடுத்த திங்கட்கிழமை பயிற்சியில் பொல்லைக் கையில் எடுத்ததும் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பாரிசுக்கு வந்த இத்தனை வருடத்தில் நான் ஓடியதெல்லாம் ஆர்.ஈ.ஆர். ரயிலைப் பிடிக்கத்தான். அன்று சும்மா ஓடினேன். மூச்சு வாங்கியது, விலா குத்தியது, எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்த மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை எனக்காக நான் பாவித்தது அதுதான் முதல் தரம். இதை யாரும் என்னிடமிருந்து பறிக்க விடமாட்டேன் என்று அன்றே முடிவெடுத்துவிட்டேன்.

விளையாடுவது பெரிய பாடில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்பது பேரைச் சேர்ப்பதுதான் பாடு. லாச்சப்பலுக்கு ஞாயிறு என்றால் சனம் நெரிகிற நாள், கடைக்காரர் யாரும் லீவு தரமாட்டார்கள். ரெஸ்ரோறண்டிலும் அப்படித்தான். ஆனால் எங்கள் ஆட்களிடம் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு விசா அலுவல், வயிற்றுக்குத்து, கலியாணம் என்று வந்தால் இன்னொருவர் அவருடைய இடத்தில் போய்க் கோப்பை கழுவுவார். முதலாளிக்குக் கோப்பை கழுவப்பட்டால் சரி, கழுவுகிற முகத்தை அவர் பெரிதாகப் பார்ப்பதில்லை. மாறி நிற்கிறது என்று இதற்குப் பெயர். இதை நான் கையில் எடுத்தேன். வியாழக்கிழமை தொடங்கிக் கல்லாவில் நின்றபடியே ஃபோன் எடுப்பேன்.

"தம்பி, ஞாயிறு நிற்க ஏலுமோ? இவருக்கு மட்ச் இருக்கு."

"அக்கா, போன கிழமையும் நான்தானே நிண்டனான்."

"நீ நிண்டபடியால்தான் போன கிழமை ஒன்பது பேர் இருந்தவை. உனக்கு ஒரு தரம் கோழிப் புக்கை அனுப்புறன், ஓமெண்டு சொல்லு."

வில்லியே லே பெல்லில் இருந்த ஒருவர் பந்தையே கண்ணால் காணவில்லை, அந்தப் பருவம் முழுக்க எங்கள் முதலாம் மூலைக்காரருக்காகக் கத்தரிக்காய் வெட்டினார். திங்கட்கிழமைகளில் என்னிடம் வந்து "நேற்று நாங்கள் எப்பிடி?" என்று கேட்பார். நாங்கள் என்றுதான் கேட்பார். என் இடத்தில் கல்லாவில் நிற்க முதலாளியின் மனைவியையே பிடித்தேன். அது எப்படி என்று முதலாளி இன்றைக்கும் யோசிக்கிறார்.

தோற்றோம். கிழமைக்குக் கிழமை தோற்றோம். மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது கிரிக்கெட் ஆடியவர்களின் கைக்கு ஏறவே இல்லை. மட்டையோடு ஓடிப்போய் மூலையில் அதைக் கிடத்தினார்கள். தம்பி கரையில் நின்று "மட்டையை விடுங்கண்ணா" என்று தொண்டை கிழியக் கத்தினார். பின்பக்கமாகத் தட்டிவிட்டு நாலு ஓட்டம் என்று நினைத்து நின்றவர்களும் உண்டு. ஆனால் ஆனியில் ஒரு ஆட்டம் வென்றோம். மீன்கடை அண்ணை தடை முடிந்து வந்த அன்று, பந்தைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு ஒருவனைத் துரத்திப்போய், கலியாண வீட்டில் சந்தனம் பூசுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகத் தொட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் நடுவரும் சிரித்துவிட்டார்.

மழையால் நின்றுபோன ஒரு ஆட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்கு லீக் கொடுத்த நாள் பிள்ளையார் கோவில் தேர் ஓடுகிற ஞாயிறு. லாச்சப்பலில் தேர் என்றால் பாரிசில் உள்ள தமிழ்ச்சனம் முழுக்க அங்கே நிற்கும். நாளை மாற்றித் தரும்படி தம்பி கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள், பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கலாம் என்பது மட்டும் அவர்கள் செய்த உதவி. அந்த ஒரு நாளைக்கு மாறி நிற்க ஒரு குருவியும் கிடைக்கவில்லை. வர முடிந்தவர்களை எண்ணிப் பார்த்தால் என்னோடு சேர்த்து ஒன்பது.

தேருக்கு முந்தின கிழமை பயிற்சியில் என் வலது கை விரலை உடைத்துக்கொண்டேன். இடது கையில் கிளவுஸ் இருந்தது. பந்து வலப்பக்கம் வந்தது. எல்லேயில் கிளவுஸ் இல்லை, வெறுங்கையால்தான் பிடிப்போம். அந்தக் கை என்னைக் கேட்காமலே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் விரலுக்குத் தகடு வைத்துக் கட்டி, ஆறு கிழமைக்கு ஒன்றும் தூக்கக்கூடாது என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தூக்கக்கூடாது என்றுதான் சொன்னார்கள், நிற்கக்கூடாது என்று சொல்லவில்லை.

தேரன்று ஆண்கள் வடம் பிடித்துவிட்டு நேராக ஓடி வந்தார்கள். நெற்றியில் திருநீறு, உள்ளங்கையில் கொப்புளம், ஒருவர் வேட்டிக்குள்ளேயே காற்சட்டையைப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்தார். நடுவராக வந்தவர் எங்களை முன்னே பின்னே கண்டிராத ஒரு வயதான மனிதர். என் கையைப் பார்த்தார்.

"மதாம், உங்களால் ஆட முடியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எனக்கு அந்த நேரம் பிரெஞ்சு வரவில்லை. "ஓம்" என்றேன். தலையை ஆட்டியதால் அவருக்கு விளங்கியது.

என்னை வலது மூலைக்குப் பின்னால், பந்து குறைவாக வரும் இடத்தில் நிறுத்தினார்கள். எப்படியோ ஒரு பந்து வந்துவிட்டது. கிளவுஸில் பிடித்தேன். எறிய வலது கை இல்லை. பந்தோடு நானே உள்ளே ஓடினேன், அதற்குள் அவர்களில் இரண்டு பேர் மூலைகளைச் சுற்றி ஓட்டத்தை முடித்துவிட்டார்கள். ஓடியதில் விரல் விண்ணென்று தெறித்தது. கணவர் கிட்ட வந்தார்.

"இஞ்சரப்பா, காணும். முகம் வெளிறிப்போச்சு. வா, விடுவம்."

"நான் போனால் எத்தினை பேர்?"

அவர் களத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு. அப்ப போய் உங்கட இடத்திலை நில்லுங்கோ."

அடிக்கிற முறை வந்தபோது இடது கையால் மட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எறிகிற பெடியன் என் கட்டைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு எறிகிறது போல ஒரு பந்தை மெல்லத் தூக்கிப் போட்டான். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. ஒழுங்காக எறி, நான் ஒன்றும் பிச்சைக்கு வரவில்லை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கத்தினேன். அவன் முகம் சிவந்துபோனது. அடுத்த மூன்று பந்தும் என்னைக் கடந்து போன சத்தம்தான் கேட்டது. அதுதான் எனக்கு வேண்டியதும்.

கடைசிச் சுற்றில் நாங்கள் எட்ட முடியாத தூரத்தில் பின்னுக்கு நின்றோம். இரண்டு பேர் அவுட். மூன்றாவது நான். நான் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது, பருவமும் முடிந்தது, ஒன்பது பேரோடு முடிந்தது. எனக்கு இனி ஓட்டம் தேவையில்லை, அந்த முடிவு மட்டும் வந்தால் போதும். மூன்று நல்ல பந்தைத் தவறவிட்டால் அவுட். முதல் பந்தை விட்டேன். இரண்டாவதுக்கு வீசினேன், படவில்லை. மூன்றாவதுக்கும் வீசினேன். ஒற்றைக் கையில் மட்டை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. அவுட். மட்டையைப் போட்டுவிட்டு எங்கள் பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

தம்பி கரையில் நின்று குதித்தார். "அக்கா, ஓடுங்க. பந்தை விட்டுட்டான், ஓடுங்க அக்கா."

பின்னால் நின்று பிடிக்கிறவன் அந்த மூன்றாவது பந்தைத் தவறவிட்டிருந்தான். அது வலைவரை உருண்டு போயிருந்தது. அப்படிப் போனால் அடிக்காதவரும் ஓடலாம் என்பது இந்த விளையாட்டின் விசர்ச் சட்டங்களில் ஒன்று. எங்களுக்கு எல்லேயிலும் கிரிக்கெட்டிலும் அவுட் என்றால் அவுட், தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான். அவுட்டான பிறகு என்னத்துக்கு ஓட்டம் என்று நான் ஒரு கணம் நின்றேன். பிறகு ஓடினேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலாம் மூலையை மிதித்தேன், அங்கே நிற்கவும் தோன்றவில்லை, இரண்டாவதுக்கும் ஓடினேன். மற்ற எட்டுப் பேரும் கத்தினார்கள். யார் என்ன கத்தினார்கள் என்று கேட்கவில்லை. இரண்டாவது மூலைக்கு நாலு அடி இருக்கும்போது அவர்களில் ஒருவன் கிளவுஸால் என் தோளில் தொட்டான்.

ஆட்டம் முடிந்தது. இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்கின. நாங்கள் பிரிவிலேயே கடைசி, அதற்கும் கீழே இடமில்லை. நான் இரண்டாவது மூலையில் குந்தியிருந்து மூச்சு வாங்கினேன். நடுவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். "கையைக் கவனமாகப் பாருங்கள் மதாம். அடுத்த வருடம் சந்திப்போம்" என்று சொல்லிவிட்டுத் தன் காரைப் பார்த்து நடந்தார்.

அவருக்கு அது வாயில் வந்த சாதாரணச் சொல். எல்லா அணிக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இந்த நாட்டில் விசா அலுவலாகப் போன இடங்களில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் எனக்கு மூன்று மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆறு மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள், கடிதம் வரும்வரை பொறு என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருடமும் நான் இங்கே நிற்பேன் என்பதை இவ்வளவு சாதாரணமாக ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் முயலவில்லை. கணவர் ஓடி வந்து எனக்கு முன்னால் குந்தினார்.

"விரல் நோகுதோ?"

"அடுத்த வருசமாம்" என்றேன்.